மருமகன்விரட்டி

ஜியெஸ்தா
4 அக்டோபர் 1987

எர்மீனியு அண்ணனுக்கு,

ஆகஸ்டில் நீ காரில் ஏறிக் கதவை அறைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு இடாலினா அக்காவின் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லையாம். கோழிகளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ எனக்குச் சொல்ல வேண்டிய பதில் வேறு.

அப்பா போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சரிவு நிலத்தைப் பிரித்து மேல் அடுக்கு உனக்கு, கீழ் அடுக்கு எனக்கு என்று எழுதிய மறுநாளே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருக்கிறாய். இரண்டு அடுக்கிலும் உள்ள பழைய திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். என் பெயருக்கு நேராக "தங்கைக்காக அண்ணன்" என்று உன் கையெழுத்து. எனக்கு நாற்பது வயது. என் பெயரை நானே எழுதுவேன்.

போன வாரம் சங்கத்து அதிகாரி படிவத்தோடு வந்தார். "ஐரோப்பா காசு குடுக்குதும்மா. பழசப் பிடுங்கிட்டு, அரசாங்கப் பட்டியல்ல இருக்கிற சிவப்புத் திராட்சைய நட்டாப் போதும்" என்றார். நான் அப்போது வெள்ளைக் கொடிக்கு அடியில் நின்று இலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன ஜாதி?"

"மருமகன்விரட்டி."

சிரித்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடினார். "பட்டியல்ல இல்லையே. அப்ப இப்படி ஒரு திராட்சை கிடையாது."

என் கையில் அதன் பிசின் ஒட்டியிருக்கிறது. தலைக்குமேல் குலை தொங்குகிறது. அந்த ஆள் கிடையாது என்கிறார்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அப்பா எப்போதும் வெள்ளையையும் கறுப்பையும் ஒன்றாகக் கொட்டித்தான் மிதிப்பார். இந்த அறுவடையில் வெள்ளையை மட்டும் தனியாகப் பறித்தேன். அறுபத்திரண்டு கொடி. தனியாகப் பிழிந்து கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்திருக்கிறேன். ஊரில் கேலி கிளம்பிவிட்டது. "அந்தக் கொடி இருக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளை எப்படி வருவான்? அதான் சுல்மீரா இன்னும் இப்படியே நிக்கிறா" என்கிறார்கள். நிற்கிறேன். இனியும் நிற்பேன்.

என் அடுக்கைப் பிடுங்க ஆள் அனுப்பாதே. அனுப்பினால் கவாத்துக் கத்தியோடு வாசலில் இருப்பேன்.

சுல்மீரா


சான்-எத்தியென்
25 அக்டோபர் 1987

சுல்மீரா,

கவாத்துக் கத்தியைக் காட்டிப் பயமுறுத்த நான் சங்கத்து அதிகாரி இல்லை. அந்தக் கத்தியைத் தீட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அந்த வெள்ளை ஒயினை நானும் குடித்திருக்கிறேன். தாடை இழுத்துக்கொள்ளும். இங்கே பிரான்சில் அதைவிடப் புளிப்புக் குறைந்ததை வினிகர் என்று கீரைமேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மாமனார் வீட்டில் ஒரு குவளை குடித்த மருமகன் மறுநாளே மலையேறி ஓடினான் என்றுதானே அதற்கு அந்தப் பெயர்? அதைப் போய்த் தனிக் குடுவையில் மூடி வைத்திருக்கிறாயாம். உனக்குப் பொழுது போகவில்லை.

உனக்காகக் கையெழுத்துப் போட்டது உன் முதுகை நினைத்து. அந்தச் சரிவில் கூடை சுமந்து அப்பாவின் முதுகு என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நீ. புதுக் கொடி என்றால் கம்பி கட்டி வரிசையாக நடலாம், பாதி வேலை மிச்சம். அது உனக்குப் பிடிக்கவில்லை. சரி, உன் அடுக்கை வைத்துக்கொள். வேண்டுமானால் அதற்கடியிலேயே உன்னைப் புதைக்கச் சொல்.

ஆனால் மேல் அடுக்கு என்னுடையது. ஆட்சி மாறி ஊர் திரும்ப முடிந்த பதின்மூன்று வருடமாக ஆகஸ்ட் தோறும் அந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போயிருக்கிறேன். அந்த நிலத்தில் என் விருப்பப்படி ஒரு காரியமாவது நடக்கட்டும். மார்ச்சில் இயந்திரம் வரும். நீ ஒதுங்கி நின்றால் போதும்.

எர்மீனியு


ஜியெஸ்தா
20 மார்ச் 1988

அண்ணா,

வந்தது. மஞ்சள் நிற இயந்திரம். நான் ஒதுங்கித்தான் நின்றேன். அப்பா பதினோரு வருடம் நட்டதை அது அரை நாளில் பிடுங்கிப் போட்டது. சுவர் ஓரத்துக் கறுப்புக் கொடிகள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தன. சங்கிலி கட்டி இழுத்தார்கள். அந்த வேர்க்கட்டைகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில்தான் இந்த வருடத்துத் தொத்திறைச்சிக்குப் புகை போட்டேன். நன்றாக எரிந்தன. உனக்கு ஒரு துண்டுகூட அனுப்ப மாட்டேன்.

இனி உனக்குப் பிடிக்காத செய்தி. கண்ணாடிக் குடுவையை ஜனவரியில் திறந்தபோது நீ சொன்னது சரி, பல் கூசியது. மூடிவிட்டேன். போன வாரம் மறுபடி திறந்தேன். யாரோ உள்ளே போய் வேறு எதையோ வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. புளிப்பு அங்கேயே இருந்தது. ஆனால் கத்தியை உறையில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. மழை நனைத்த கருங்கல் வாசனை. பச்சை ஆப்பிள் தோல். கடைசியில் நாக்கில் லேசாக உப்பு. கடல் பார்க்காத மண்ணில் உப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றி, பேருந்து பிடித்து, திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கே போனேன். ஒஃபேலியா என்று ஒரு அம்மா. முதல் வாயைத் துப்பினார். அங்கே அப்படித்தான் பழக்கமாம், நான் கோபித்துக்கொள்ள இருந்தேன். இரண்டாவது வாயைத் துப்பவில்லை.

"இத யார் செஞ்சது?"

"நான்தான்."

"உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. கோபத்துல செஞ்சேன்."

மறுநாளே ஜீப்பில் வந்து குச்சி, மொட்டு, பட்டை என்று அளந்து எழுதிக்கொண்டு போனார். இலை வந்ததும் மறுபடி வருவாராம். தெரிந்த எந்தக் கொடியோடும் இது சேரவில்லையாம். "எனக்குத் தெரிஞ்சு உலகத்துல இந்த அறுபத்திரண்டுதாம்மா இருக்கு" என்றார்.

இருநூறு குச்சி வெட்டி ஒட்டுக் கட்டியிருக்கிறேன். ஈர மணலில் இருக்கின்றன. என் முதுகு நன்றாக இருக்கிறது.

சுல்மீரா


ஜியெஸ்தா
29 ஜூன் 1988

திரு. எர்மீனியு பிராகல் அவர்களுக்கு,

என் கொடிகள் பூத்தன. பூக்கள் எல்லாம் உதிர்ந்தன. அறுபத்திரண்டு கொடியிலும் சேர்த்து இரண்டு கை நிறையக் காய் இல்லை. மருந்து அடித்ததில் குறையில்லை. உறைபனி இல்லை, மழை இல்லை.

ஒஃபேலியா அம்மா பூவை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது பெண் பூ மட்டும்தாம்மா. இதுக்குச் சொந்தமா மகரந்தம் கிடையாது. பக்கத்துல அதே சமயம் பூக்கிற வேற கொடி இருந்திருக்கணும். இத்தனை வருஷம் காய்ச்சிருக்கே, எது இருந்துச்சு?"

என் அடுக்கில் உள்ள சிவப்பெல்லாம் பிந்திப் பூப்பவை. மேலே கை காட்டினேன். அங்கே தங்கள் நிலம் மொட்டையாகக் கிடக்கிறது.

தாங்கள் கேட்டபடி தங்கள் விருப்பப்படி ஒரு காரியம் நடந்துவிட்டது. வாழ்த்துகள். அந்தக் கறுப்புக் கொடிகளின் கட்டைகளை நானே அடுப்பில் போட்டேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்டில் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

சுல்மீரா பிராகல்


சான்-எத்தியென்
17 ஜூலை 1988

சுல்மீரா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் அண்ணி கிராசியேத் சொன்னாள், "கிழிக்கிறத நிறுத்திட்டு உண்மைய எழுதுங்க. பேப்பராவது மிஞ்சும்." எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினான்கு வயது, பூக்கும் சமயம் ஆலங்கட்டி மழை அடித்து மேல் அடுக்குப் பூவெல்லாம் போன வருடம். உனக்குப் பத்து வயது, காய்ச்சலில் படுத்திருந்தாய். அப்பா என்னை ஆலைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே பள்ளத்தில் இருந்த கறுப்புக் கொடிகள் தப்பித்திருந்தன. பூத்த கிளைகளை ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, கீழ் அடுக்கில் உன் வெள்ளைக் கொடிகளுக்கு மேல் தட்டினோம். எத்தனை நாள் என்று ஞாபகம் இல்லை. அப்பா சொன்னார்: "மேல சுவரோரமா இருக்கானே கருப்பன், அவன் மேல என்னிக்கும் கை வைக்காதே. அவன்தான் கீழ இருக்கிறவளுக்கு மாப்பிள்ளை." மருமகன்விரட்டிக்கு மாப்பிள்ளையா என்று நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அவர் என்னோடு சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சங்கத்தில் கையெழுத்துப் போடும்போது இது ஞாபகம் இருந்ததா என்று நீ கேட்பாய். இருந்தது.

அறுபத்து மூன்றில், ஆப்பிரிக்கக் காலனிப் போருக்குப் போக மாட்டேன் என்று எல்லையைத் தாண்டி ஓடினேன். அப்பா அம்மாவிடம் சொன்னாராம், "போறவன் போகட்டும். கொடிக்குத் தண்ணி காட்ட சுல்மீரா இருக்கா." அதன்பிறகு எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஆகஸ்டில் வந்தால் விருந்தாளிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார். பேனாவைக் கையில் எடுத்தபோது அந்தக் குவளைதான் கண்ணில் நின்றது. சொல்லாமல் இருந்துவிட்டேன். உன்னிடம் இல்லை, அவரிடம் கோபம். ஆனால் அடி விழுந்தது உன் கொடிமேல்.

மன்னிப்புக் கேட்டு எழுதிய தாளையும் கிழித்துவிட்டேன். கேட்டால் நீ கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்காதே.

ஆலைச் சரிவில் அந்தக் கருப்பன் இன்னும் இருக்கலாம்.

எர்மீனியு


ஜியெஸ்தா
14 மே 1989

அண்ணா,

பத்து மாதமாக உன் கடிதம் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. எடுப்பேன், வைப்பேன். எரிக்கவில்லை. எரித்தது போதும்.

நீ கொடுக்காதே என்றாய். கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆலைச் சரிவு இப்போது இடாலினா அக்காவுடையது. போய்ப் பார்த்தேன். அங்கே ஆறேழு வகைக் கறுப்புக் கொடி காடாகப் பின்னிக் கிடக்கிறது. ஒஃபேலியா அம்மாவுக்கும் எது என்று தெரியவில்லை. தவறானதை எடுத்தால் வேறு நாளில் பூத்துத் தொலைக்கும். இந்த வருடமும் போய்விடும். மணலில் வைத்த ஒட்டுகளில் நூற்று முப்பது வேர் பிடித்து என் அடுக்கில் நிற்கின்றன. இத்தனையும் மலடாக நிற்பதை நான் பார்க்க மாட்டேன்.

அவன் இலை எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அடிப்பக்கம் ரோமம் உண்டா, காம்பு சிவப்பா என்பதையும் எழுது. ஜூன் இரண்டாம் வாரம் பூக்கும். தபால் பத்து நாள் ஆகிறது. சீக்கிரம்.

சுல்மீரா


ஜியெஸ்தா
22 அக்டோபர் 1989

அண்ணா,

படம் வரைந்து அனுப்பச் சொன்னேன். நீ ஜூனில் சிமெண்ட் ஒட்டிய பூட்ஸோடு பேருந்திலிருந்து இறங்கி வந்து நின்றாய். அதைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லத் தெரியவில்லை. முதல் மூன்று நாள் நாம் பேசிக்கொண்ட வார்த்தைகளை எண்ணினால் பத்து வராது. நீ சரிவில் இறங்கி இலைகளைத் திருப்பித் திருப்பித் தடவிவிட்டு "இவன்" என்றாய். அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

கோழிக்கூட்டுச் சுவரைக் கட்டித் தந்தால் கிளை ஒடிக்கலாம் என்று இடாலினா அக்கா பேரம் பேசினாளே, அந்தச் சுவர் அவள் வீட்டைவிட உறுதியாக நிற்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறாள். பன்னிரண்டு நாள் காலையில் ஈரச் சாக்கோடு நாம் ஏறி இறங்கியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. "கல்யாண ஊர்வலம் போகுது பாரு" என்று கத்தியவர்களிடம் நீ "மொய் எழுதாம யாரும் போகக் கூடாது" என்றாயே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேலி நம் பக்கம் சேர்ந்துகொண்டது.

காய்த்தது. குலைகள் அழகில்லை, ஒன்று பெரிது ஒன்று பொடி. இருநூற்று நாற்பது கிலோ. நுரைத்துக்கொண்டிருக்கிறது.

கெட்ட செய்தி, சங்கத்துப் பொதுக்கூட்டம். தலைவர் எவரிஸ்து எழுந்து, பட்டியலில் இல்லாத கொடியைப் பெருக்குகிறவரின் சிவப்புத் திராட்சையையும் சங்கம் இனி வாங்காது, பிடுங்குகிறாயா வெளியே போகிறாயா என்று கேட்டார். நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். முதல் வருடத்து ஒயினில் மிச்சம் வைத்திருந்ததை ஜாடியோடு மேசைமேல் வைத்தேன்.

எவரிஸ்து சிரித்தார். "மருமகனே இல்லாத வீட்ல யார விரட்டறதுக்கும்மா இது?"

அறுபது பேர் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

"ஊர்ல விரட்ட வேண்டிய ஆளுக்கா பஞ்சம்? உங்கள வச்சே ஆரம்பிக்கிறேன். குடிங்க தலைவரே. பயமா இருந்தா பக்கத்துல உக்காந்திருக்கிற உங்க மாமனார்கிட்டக் குடுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் குடிக்காமல் இருப்பது? ஒரு மடக்குக் குடித்தார். குவளையைக் கீழே வைக்கப் போனார், வைக்கவில்லை. மறுபடி குடித்தார். அவர் முகம் என்ன சொல்லியது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் குடுவையைத் திறந்த அந்த மார்ச் மாதம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். குவளையைக் காலி செய்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "விதி விதிதான்" என்று வாக்கெடுப்புக்கு விட்டார்.

எனக்காக மூன்று கை. மற்றதெல்லாம் எதிராக. முப்பது வருடம் அப்பா இருந்த சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

ஜாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு அதில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சிவப்புத் திராட்சையை அப்பாவின் கல்தொட்டியில் நானே மிதித்தேன். முட்டிவரை இன்னும் சாயம் போகவில்லை.

இந்த முறை தொத்திறைச்சி அனுப்புகிறேன்.

சுல்மீரா


சான்-எத்தியென்
10 டிசம்பர் 1989

சுல்மீரா,

தொத்திறைச்சி வந்தது. சுங்கத்தில் ஒன்றைக் காணோம்.

ஜூனில் சொல்லாமல் போனதற்காக என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, கலவை சுமக்க விட்டிருக்கிறார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். கிராசியேத் நான் எழுதாவிட்டால் தானே எழுதிவிடுவதாகச் சொல்கிறாள். கவலைப்படாதே. கலவை சுமந்துதான் இந்த நாட்டில் ஆரம்பித்தேன், வழி தெரியும்.

சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். இதுதான் அதில் எழுதியது: "தலைவர் அவர்களுக்கு. கூட்டத்தில் மூன்று கை உயர்ந்ததாக அறிந்தேன். நான்காவது கை பிரான்சில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கைதான் முன்பு என் தங்கைக்காகவும் கையெழுத்துப் போட்டது. அப்படிப் போட அதற்கு உரிமை இல்லை. இப்போது எனக்காக மட்டும் போடுகிறது. என் பெயரை அடித்துவிடுங்கள். புதுக் கொடிக்கான உங்கள் படிவமும் இதோடு இருக்கிறது, வெற்றாக."

ஐரோப்பாவின் காசு வேண்டாம் என்றால் மேல் அடுக்கில் எதை வேண்டுமானாலும் நடலாம், விசாரித்துவிட்டேன். பிப்ரவரியில் இங்கே பனியில் கட்டட வேலை நிற்கும். வருகிறேன். ஆலைச் சரிவுக்காரனை வெட்டி என் அடுக்கில் சுவர் நெடுக ஒட்டுக் கட்டுவோம். இடாலினா அக்கா இந்த முறை என்ன சுவர் கேட்பாள் என்று விசாரித்து வை.

எனக்கு விருந்தாளிக் குவளை வேண்டாம்.

எர்மீனியு


ஜியெஸ்தா
17 மார்ச் 1991

அண்ணா,

உன் அடுக்கில் நூற்றுப் பதினெட்டு உயிரோடு இருக்கின்றன. குளிரில் செத்தது ஏழு. முதல் குளிர்காலத்துக்கு இது பரவாயில்லை.

ஒஃபேலியா அம்மாவின் நிலையம் நம் கொடிக்கு ஒரு எண் கொடுத்துச் சோதனைத் தோட்டத்தில் நட்டிருக்கிறது. பட்டியலில் ஏற இன்னும் பல வருடம் ஆகுமாம். அதுவரை பெயரை அச்சடிக்கக் கூடாது. அச்சடிக்கவில்லை. எல்லாப் பாட்டிலிலும் நானே கையால் எழுதினேன். கேட்டால் கிறுக்கல் என்பேன். போர்த்தோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் குடித்துப் பார்த்துவிட்டு இருந்த நூற்றைம்பதையும் எடுத்துக்கொண்டார். பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் இது நடந்தது.

எவரிஸ்துவின் மனைவி ரொட்டி கொண்டுவந்தாள். இருபது வருடத்தில் இந்த வீட்டுக்கு அவள் ரொட்டி கொண்டுவந்ததில்லை. வானிலை பேசினாள், மழை பேசினாள், கடைசியில், "அவருக்குக் கொஞ்சம் குச்சி வேணுமாம். நீ என்கிட்டக் குடுத்துட்டா யாருக்கும் தெரியாம..." என்றாள்.

"ஏன் தெரியக் கூடாது?"

"சங்கத் தலைவர் இல்லையா..."

"அப்ப சங்கத் தலைவரையே வரச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊரே சதுக்கத்துல நிக்கும்போது வரட்டும். குச்சிக் கட்டத் தோள்மேல வச்சு சதுக்கம் வழியாவே கொண்டு போகட்டும். சந்து வழியாப் போனா திரும்பப் பிடுங்கிக்குவேன்."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். இன்று வந்தார். கறுப்புக் கோட்டு, தொப்பி கையில். வாசலில் நின்று, "அன்னிக்கு அந்தக் குவளையக் கீழ வைக்க முடியல. ஆனா கை எதிராத் தூக்கிட்டேன். ரெண்டும் நான்தான் செஞ்சேன்" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஐம்பது குச்சி கட்டி வைத்திருந்தேன்.

அவர் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தபோது ஒன்று யோசித்தேன். இந்த மனிதனை அப்படியே அனுப்பிவிடலாம். இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும், உதிரும், ஒரு காய் நிற்காது. ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தது போலவே. நாக்கு நுனிவரை மௌனம் வந்து நின்றது. நீ சங்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது.

"தலைவரே, நில்லுங்க. இவ தனியாக் காய்க்க மாட்டா. கூட ஒரு கருப்பன் வேணும். எங்க அண்ணன் அடுக்குல இருக்கான். அடுத்த வருஷம் கவாத்துக்கு வந்து வெட்டிக்கோங்க" என்றேன்.

அவர் சதுக்கத்தின் நடுவே நடந்து போனார். காப்பிக் கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் இடாலினா அக்காதான் கேட்டாள், "எனக்கு எப்போ?" என்று. பிறகு இன்னும் நான்கு பேர். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை, சதுக்கம் வழியாக என்று சொல்லியிருக்கிறேன். கொடி பட்டியலில் இல்லை. ஊரில் இருக்கிறது.

உன் கருப்பன் இந்த வருடம் முதல் பூ விடுவான். நிறைய இருக்காது. ஆலைச் சரிவுக்கும் இறங்க வேண்டியிருக்கும், சாக்குத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ஜூன் இரண்டாம் வாரம். முதலாளி விடுமுறை தர மாட்டார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அவரிடம் கேட்காதே. வா.

சுல்மீரா